அக்காவுக்கு பிளேட், தங்கைக்கு மட்டும் நாலு பல் பிடுங்கணுமா?

கேள்வி:

வணக்கம் டாக்டர். எனக்கு இரட்டைப் பெண் குழந்தைகள். பன்னிரண்டரை வயது, எட்டாம் வகுப்பு. இருவருக்கும் ஒரே நஞ்சுக்கொடி என்று பிரசவம் பார்த்த டாக்டர் அப்போதே சொன்னார். பள்ளியில் டீச்சர்களுக்கே ஆள் மாறிப்போகும். இருவருக்கும் எத்துப்பல். எங்கள் ஊரில் ஒரு கிளிப் டாக்டரிடம் காட்டினோம். பெரியவளுக்குப் பல் எதுவும் எடுக்க வேண்டாம், முதலில் 'ட்வின் பிளாக்' என்ற பிளேட், அப்புறம் கிளிப் என்றார். சின்னவளுக்கு நாலு பல் எடுத்துவிட்டு நேராகக் கிளிப் என்றார். ட்வின் என்றால் இரட்டைதானே, அப்படியென்றால் இருவருக்கும்தானே போட வேண்டும்? சீட்டில் பெரியவளுக்கு 9 மி.மீ., சின்னவளுக்கு 6 மி.மீ. என்று எழுதியிருக்கிறார். இன்னொரு டாக்டர் வாயை மட்டும் பார்த்துவிட்டு, இருவருக்கும் நாலு நாலு பல் எடுத்து ஒன்றாகக் கிளிப் போட்டுவிடலாம், கட்டணமும் குறைத்துக்கொள்கிறேன் என்கிறார். எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. எக்ஸ்ரேகூட ஒருத்திக்கு எடுத்தால் போதாதா? பெரியவள் ஆறு வயது முடியும்வரை விரல் சூப்பினாள். சின்னவளுக்கு இரண்டாம் வகுப்பில் சொத்தையால் கீழே இரண்டு பக்கமும் பால் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினோம். மற்றபடி வித்தியாசம் எதுவுமில்லை. சின்னவள் ஐந்து மாதம் முன்பு வயதுக்கு வந்துவிட்டாள், பெரியவள் இன்னும் இல்லை. மாமியார், கல்யாணத்துக்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். சின்னவளோ "எனக்கு மட்டும் ஏன் பிடுங்கணும்" என்று தினமும் அழுகிறாள்.
— ஒரு தாய், அறந்தாங்கி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

'மற்றபடி வித்தியாசம் எதுவுமில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்கு முன்னும் பின்னும் நீங்கள் போகிற போக்கில் சொன்ன மூன்று விஷயங்களில்தான் உங்கள் கேள்விக்கான பதில் முழுக்க இருக்கிறது. விரல் சூப்பியது, பால்பல் பிடுங்கியது, ஒருத்தி முன்னதாக வயதுக்கு வந்தது. பிள்ளைகளின் வாயைப் பார்க்காமல் இதுதான் சரியான சிகிச்சை என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் முதல் டாக்டர் சொன்னதில் ஒரு கணக்கு இருக்கிறது என்பது கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்குப் பல்லின் அளவும் வடிவமும் பெரும்பாலும் அச்சில் வார்த்ததுபோல ஒத்திருக்கும். தாடை எலும்பின் அமைப்பும் ஓரளவுக்கு அப்படித்தான். ஆனால் மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒன்றோடொன்று எப்படிக் கடிக்கின்றன என்பது வேறு விஷயம். அதை உதடு, நாக்கு, விரல், மூக்கால் மூச்சு விடுகிறார்களா வாயாலா, பால்பல் எப்போது போனது என்று எத்தனையோ சேர்ந்து தீர்மானிக்கின்றன. கொருச்சினி, பாட்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 1980-ல் இரட்டையரின் பல் கடிப்பை ஆராய்ந்து, அதில் மரபின் பங்கு அதுவரை நினைத்திருந்ததைவிடக் குறைவு என்று எழுதினார்கள். கிளிப் போடுகிற எங்களுக்கு இது தினசரி அனுபவம். முகத்தை வைத்து அடையாளம் தெரியாத இரட்டையரை வாயைத் திறக்கச் சொன்னால் தெரிந்துவிடும்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் அண்ணன் தம்பி இரட்டையர் என்னிடம் கிளிப் போட்டிருந்தார்கள். மூன்றாவது மாதம் அண்ணன் முறுக்கைக் கடித்து பல்லில் ஒட்டியிருந்த ஒரு பிராக்கெட்டை (கம்பியைப் பிடித்திருக்கும் சின்னத் துண்டு) பெயர்த்துவிட்டான். திட்டு விழும் என்று பயந்து, தன் முறை வந்தபோது தம்பியையே இரண்டாம் தடவையாக உள்ளே அனுப்பிவிட்டான். சட்டையைக்கூட மாற்றிப் போட்டிருந்தார்கள். அண்ணனுக்கு இடது பக்கம் திரும்பியிருந்த மேல் பல், தம்பிக்கு வலது பக்கம் திரும்பியிருக்கும், கண்ணாடியில் பார்ப்பதுபோல. வாயைத் திறந்த உடனே மாட்டிக்கொண்டான். திட்டவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

சரி, உங்கள் பெரியவளுக்கு வருவோம். நிரந்தர முன்பற்கள் முளைக்கும் வயது ஏறக்குறைய ஆறிலிருந்து எட்டு. அந்த வாசல்வரைக்கும் விரல் சூப்பும் பழக்கம் இருந்திருக்கிறது. விரல் மேல் முன்பற்களை வெளியே தள்ளும், கீழ் முன்பற்களை உள்ளே சாய்க்கும். பழக்கம் நின்ற பிறகும் பல் தானாகத் திரும்பாமல் போவதற்கு முக்கியமான காரணம் கீழுதடு. மேல்பல் அவ்வளவு முன்னால் வந்துவிட்டால் கீழுதடு அதற்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். விரல் விட்ட வேலையை உதடு தொடரும். இன்று மாலை அவள் புத்தகம் படித்துக்கொண்டிருக்கும்போது, அவளுக்குத் தெரியாமல் பாருங்கள். கீழுதடு மேல்பற்களுக்கு அடியில் மடங்கிக் கிடந்தால் நான் சொல்வது அதுதான்.

சீட்டில் உள்ள 9 மி.மீ. என்பது மேல் முன்பல்லின் நுனிக்கும் கீழ் முன்பல்லுக்கும் இடையே முன்பின்னாக உள்ள தூரம். இது 2, 3 மி.மீ. இருப்பதுதான் இயல்பு. ஒன்பது இருந்தால் மேல்பல் முன்னால் வந்திருப்பதோடு கீழ்த்தாடையும் சற்றுப் பின்தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் டாக்டர் அதைப் பார்த்திருப்பார். அதனால்தான் அவளுக்கு ட்வின் பிளாக்.

அந்தப் பெயரைப் பற்றி நீங்கள் கேட்டதைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். அது இரட்டைக் குழந்தைகளுக்கான பிளேட் இல்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு அக்ரிலிக் கட்டைகள் இருப்பதால் அந்தப் பெயர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் கிளார்க் என்ற பல் மருத்துவர் 1977-ல் உருவாக்கியது. இரண்டு கட்டைகளிலும் சுமார் 70 டிகிரியில் ஒரு சரிவு இருக்கும். வாயை மூடும்போது கீழ்க்கட்டை மேல்கட்டையின் சரிவில் முட்டி முன்னால் வந்துதான் நிற்க முடியும். பழைய இடத்துக்குப் போய்க் கடிக்கவே முடியாது. தாடை வளர்ந்துகொண்டிருக்கும் வயதில் மாதக்கணக்கில் இப்படியே கடித்தால் கடிப்பு மாறிவிடும். எங்கள் தொழிலில் சிலர் இதைத் 'தாடையை வளர்க்கும் மந்திரம்' போலப் பேசுவார்கள், அதை நம்பிவிடாதீர்கள். கிடைக்கும் மாற்றத்தில் பெரும்பங்கு பற்கள் நகர்ந்து வருவது. தாடை வளர்ச்சியின் பங்கு சிறியது. ஆனாலும் அந்தச் சிறு பங்கு வளர்ச்சி வேகமாக இருக்கும் காலத்தில் மட்டுமே கிடைக்கும்.

இங்கேதான் வயதுக்கு வந்த விஷயம் வருகிறது. பெண் குழந்தைகள் மளமளவென்று உயரும் காலம் பெரும்பாலும் வயதுக்கு வருவதற்கு ஒரு வருடம் முன்னால் உச்சத்தைத் தொட்டுவிடும். வயதுக்கு வந்த பிறகும் வளர்வார்கள், ஆனால் வேகம் குறைந்துகொண்டே போகும். பெரியவள் இன்னும் வரவில்லை என்றால் அவளுக்குக் காலம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. சின்னவள் ஐந்து மாதம் முந்திக்கொண்டாள் என்பதால், பெரியவளுக்கும் அதிக நாள் இருக்காது என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒருத்திக்குத் தெரிந்தது இன்னொருத்திக்கு எச்சரிக்கை மணி, இரட்டையரில் அந்த ஒரு வசதி உண்டு. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் கழுத்துப் பகுதி முதுகெலும்புகளின் வடிவத்தைப் பார்த்தும் இந்தக் கட்டத்தைக் கணிக்கலாம். டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

மாமியாரின் யோசனையை ஏற்க முடியாததற்கும் இதுவே காரணம். கல்யாண வயதில் கிளிப் போடலாம்தான், பெரியவர்களுக்குப் போடுவதும் சகஜமாகிவிட்டது. ஆனால் பிளேட்டுக்கு வேலை இருக்காது. தாடை அதிகம் பின்தங்கியிருந்தால் அறுவை சிகிச்சைவரை போக நேரலாம். இன்னொன்றும் இருக்கிறது. முன்பல் 3 மி.மீ.க்கு மேல் நீண்டிருக்கும் பிள்ளைகளுக்கு விழுந்து பல் உடையும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. சைக்கிளில் பள்ளிக்குப் போகிறவர்களா? மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அழகு பற்றிய பேச்சை விட்டு, பல் உடையும் என்ற பேச்சுக்குப் பாட்டிமார்கள் சீக்கிரம் இறங்கி வருவார்கள்.

இனி சின்னவள். அவளுடைய கதை விரலில் இல்லை, இரண்டாம் வகுப்பில் பிடுங்கிய அந்தப் பால்பற்களில் இருக்கிறது. பால் கடைவாய்ப்பல் ஒவ்வொன்றும் அடுத்து வரப்போகும் பல்லுக்காகப் போட்டு வைத்த துண்டு. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதேதான். துண்டை எடுத்துவிட்டால் பின்னால் நிற்கிறவர் உட்கார்ந்துவிடுவார். ஆறு வயதில் முளைக்கும் பெரிய கடைவாய்ப்பல் முன்னால் நகர்ந்து அந்த இடத்தைப் பிடித்திருக்கும். உரியவர் பதினொன்று, பன்னிரண்டு வயதில் வந்து பார்த்தால் இடமில்லை. ஒன்று வரிசைக்கு வெளியே முளைப்பார், இல்லை உள்ளேயே சிக்கிக்கொள்வார், இல்லை எல்லோரையும் நெருக்குவார். பால்பல்லைப் பிடுங்கிய அன்றே ஒரு சின்னக் கம்பி வளையம் வைத்திருந்தால் இடத்தைக் காத்திருக்கலாம். உங்களைக் குற்றம் சொல்லவில்லை, அன்று உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இதைப் படிக்கும் மற்ற அம்மாக்களுக்காக எழுதுகிறேன்: 'பால்பல்தானே, விழப்போகிறதுதானே' என்று கடைவாய்ப்பல் சொத்தையை விடாதீர்கள்.

ஆக, பெரியவளின் சிக்கலில் தாடைக்குப் பங்கு உண்டு. சின்னவளின் சிக்கல் பெரும்பாலும் இடம் இல்லாதது. வெளியே பார்க்க இரண்டுமே எத்துப்பல். பிளேட்டைச் சின்னவளுக்குப் போட்டால் தாடை முன்னால் வரலாம், ஆனால் கீழ்வரிசை நெரிசலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. நான்கு பல்லைப் பெரியவளுக்குப் பிடுங்கினால், நெரிசலே இல்லாத கீழ்வரிசையில் தேவையில்லாத இடைவெளி உண்டாகும். பின்தங்கிய கீழ்வரிசை இன்னும் உள்ளே போகவும் வாய்ப்புண்டு.

நல்ல பல்லைப் பிடுங்கலாமா என்ற கேள்வி உங்களுடையது மட்டுமில்லை, நூறு வருடத்துக்கு மேலாக எங்கள் துறையையே இரண்டாகப் பிரித்த சண்டை அது. கடிப்புக் கோளாறுகளை நாங்கள் இன்றும் அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள் 1899-ல் வகுத்த முறைப்படிதான் பிரிக்கிறோம். முப்பத்திரண்டு பல்லும் இருந்தே தீர வேண்டும், ஒன்றையும் தொடக் கூடாது என்பது அவர் கட்சி. அவரிடமே படித்த சார்லஸ் ட்வீட், அப்படிப் பல் எடுக்காமல் சிகிச்சை முடித்தவர்களைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தார். பலருக்குப் பல் மீண்டும் கலைந்திருந்தது, வாய் முன்னால் தள்ளியிருந்தது. நான்கு முன்கடைவாய்ப்பற்களை (கோரைப்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் இடையில் இருப்பவை) எடுத்துவிட்டுக் கட்டணம் வாங்காமல் அவர்களுக்கு மறுபடியும் சிகிச்சை செய்தார். அதற்குப் பிறகு எல்லோருக்கும் பிடுங்கும் காலமும் வந்தது, யாருக்குமே பிடுங்க மாட்டேன் என்கிற காலமும் வந்தது. இரண்டுமே தவறு. ஒவ்வொரு வாயிலும் இடம் எவ்வளவு குறைகிறது என்று அளந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

அந்தக் கணக்கை நீங்களே டாக்டரிடம் கேட்கலாம். ஒரு முன்கடைவாய்ப்பல் சுமார் 7 மி.மீ. அகலம். ஒரு வரிசையில் இரண்டு எடுத்தால் 14 மி.மீ. கிடைக்கும். சின்னவளின் கீழ்வரிசையில் எத்தனை மி.மீ. குறைகிறது, முன்பல்லை உள்ளே கொண்டுவர எவ்வளவு வேண்டும் என்று கேளுங்கள். மூன்று, நான்கு மி.மீ.தான் குறைகிறது என்றால் பிடுங்காமல் வேறு வழி உண்டா என்று கட்டாயம் கேட்க வேண்டும். முன்னால் நகர்ந்துவிட்ட கடைவாய்ப்பல்லைப் பின்னால் தள்ளுவது, பல் ஓரங்களை இம்மியளவு தேய்ப்பது என்று வழிகள் இருக்கின்றன. எட்டு, ஒன்பது என்றால் பிடுங்குவதுதான் நேர்மையான வழி.

பல் எடுத்தால் கண் நரம்பு பாதிக்கும் என்று யாராவது இந்நேரம் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பார்வைக்கான நரம்பு வேறு, மேல்பல்லுக்குப் போகும் நரம்பு வேறு. பயப்பட ஒன்றுமில்லை. முகம் ஒட்டிப்போகுமா என்பது ஓரளவு நியாயமான கேள்வி. முன்பல் உள்ளே வரும்போது உதடும் கொஞ்சம் உள்ளே வரும். தூக்கலான வாய்க்கு அது நன்மை, ஏற்கெனவே தட்டையான உதட்டுக்கு அது கேடு. பக்கவாட்டு முகத்தைப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார்.

எக்ஸ்ரே ஒருத்திக்கு எடுத்தால் போதாதா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. செலவைக் குறைக்க இது இடமில்லை. ஒரே கருவில் பிறந்தவர்களில்கூட ஒருவருக்கு ஒரு பல் பிறவியிலேயே இல்லாமல் இருக்கலாம், மற்றவருக்கு இருக்கலாம். மேல் கோரைப்பல் ஒருத்திக்கு நேராக இறங்கும், இன்னொருத்திக்கு அண்ணத்துப் பக்கம் போய்ப் புதைந்து கிடக்கும். ஈறுக்குள்ளே பல் இருக்கிறதா என்று பார்க்காமல் வெளியே தெரியும் பல்லைப் பிடுங்குவது ஆபத்து. இருவருக்கும் முழு வாய் எக்ஸ்ரே, பக்கவாட்டு எக்ஸ்ரே, பல் அச்சு மூன்றும் வேண்டும். அந்த எக்ஸ்ரேக்களின் கதிர்வீச்சு குறைவுதான், அதை நினைத்துத் தயங்க வேண்டாம்.

இரண்டாவது டாக்டரைப் பற்றி: அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எக்ஸ்ரே இல்லாமல், அச்சு எடுக்காமல், இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து எட்டுப் பல் என்று சொன்னால் அந்தத் தள்ளுபடியை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். முதல் டாக்டர் எடுத்த எக்ஸ்ரேக்களை வாங்கிக்கொண்டு போய் அவரிடமே காட்டிக் கேளுங்கள். அதைப் பார்த்த பிறகும் அதையே சொல்லிக் காரணமும் சொன்னால் யோசிக்கலாம். பார்ப்பவர் பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். என்ற முதுநிலைப் படிப்பு படித்தவரா என்று கேட்பதிலும் தப்பில்லை.

செலவுதான் உறுத்துகிறது என்றால் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னையிலும் சிதம்பரத்திலும் இருக்கின்றன, 2023-லிருந்து உங்கள் புதுக்கோட்டையிலும் இருக்கிறது. தனியார் பல் கல்லூரிகளின் முதுநிலைத் துறைகளிலும் கட்டணம் குறைவு. மாதம் ஒருமுறை இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்வர வேண்டும் என்பதை மட்டும் பஸ் செலவோடு, பள்ளி லீவோடு சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குப் படுவது இது. பெரியவளுக்குப் பிளேட்டை உடனே ஆரம்பியுங்கள், வளர்ச்சி காத்திருக்காது. ஒன்பது மாதம், ஒரு வருடம் பிளேட், அதன்பின் அவளுக்கும் கிளிப். எக்ஸ்ரேயில் கோரைப்பற்கள் ஒழுங்கான பாதையில் இருந்து, டாக்டரும் சம்மதித்தால் சின்னவளின் கிளிப்பைச் சில மாதம் தள்ளிப் போடலாம். அப்படிச் செய்தால் இருவரும் கிளிப் போட்டிருக்கும் காலம் பெருமளவு ஒன்றாக வரும், செலவும் இரண்டு வருடங்களுக்குப் பரவும். ஒரே ஒரு எச்சரிக்கை: பல்லை இப்போது பிடுங்கிவிட்டுக் கிளிப்பை மெதுவாகப் பார்க்கலாம் என்று மட்டும் இறங்காதீர்கள். பிடுங்கிய இடத்தில் பக்கத்துப் பற்கள் தம் இஷ்டத்துக்குச் சாய்ந்துவிடும், மறுபடியும் அதே பஸ் துண்டுக் கதைதான். அப்புறம், பிளேட், கிளிப்பைக் கழற்றிய பிறகு பல் கலையாமல் இருக்கக் கடைசியில் போடும் ரீட்டெய்னர் எல்லாவற்றையும் ஆளுக்கொரு நிறத்தில் கேட்டு வாங்குங்கள். டப்பாவிலும் பெயர் எழுதி வையுங்கள். 'திடீரென்று இறுக்கமாக இருக்கிறது' என்று வந்த இரட்டையரில் ஒரு ஜோடி, டப்பாவை மாற்றி எடுத்துக்கொண்டு ஒரு வாரம் போட்டிருந்தார்கள்.

சின்னவளின் அழுகைக்கு மருந்து என்னிடம் இல்லை, ஆனால் ஒரு வழி சொல்கிறேன். அடுத்த முறை போகும்போது இருவருடைய பல் அச்சையும் மேசைமேல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எந்தப் பல்லுக்கு இடமில்லை என்று அவளே தொட்டுப் பார்க்கட்டும். நீங்கள் நூறு முறை சொல்வதைவிட அது எடுபடும். 'அக்காவுக்கு லேசு, உனக்குத்தான் கஷ்டம்' என்ற பேச்சை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது, உண்மையும் அதுவல்ல. சின்னவளுக்குப் பல் எடுக்கும் வலி சில நாளில் தீர்ந்துவிடும். பெரியவள் மாதக்கணக்கில் அந்தக் கட்டைகளை வாயில் போட்டுக்கொண்டே தூங்க வேண்டும், பேச வேண்டும், சாப்பிடக்கூட வேண்டும். பல் தேய்க்கவும் விளையாடவும்தான் கழற்றலாம். முதல் வாரம் எச்சில் வழியும், பேச்சு குழறும், வகுப்பில் எழுந்து பாடம் வாசிக்கச் சொன்னால் திணறுவாள். அவளுக்கு அப்போது பக்கத்து பெஞ்சில் ஒரு ஆள் தேவைப்படும். அதைச் சின்னவளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.